கெய்ஷா காப்பியும் பொக்கெத்தே மலையும்: சுவை எங்கிருந்து வருகிறது?

திறவுச்சொற்கள்: சிறப்புக் காப்பி, கெய்ஷா, பொக்கெத்தே, உயரம், மரபுவகை

'சிறப்புக் காப்பி' என்னும் வழக்கை 1974ஆம் ஆண்டு எர்னா நட்சன் என்னும் அமெரிக்க வணிகர் கையாண்டார். தனித்த நுண்காலநிலை தனித்த சுவையைத் தரும் என்பது அவர் கருத்து. இன்று நூற்றுக்கு எண்பது மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறும் காப்பியை அப்பெயரால் சுட்டுவது வழக்கம். சுவைக்கு மலையே காரணம் என்னும் எண்ணமும் இவ்வழக்கோடு வேரூன்றிவிட்டது. அது முழு உண்மையன்று என்பதற்குப் பனாமா நாட்டின் பொக்கெத்தே மலைப்பகுதியில் விளையும் கெய்ஷா தக்க சான்றாகும்.

கெய்ஷா பனாமாவின் செடியன்று. 1930களில் எத்தியோப்பியக் காடுகளில் திரட்டப்பட்ட விதைகளின் வழி வந்தது. தான்சானியா வழியாக 1953இல் கோஸ்தாரிகாவின் ஆய்வுப் பண்ணையை அடைந்தது. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதால் 1960களில் பனாமா உழவர்களுக்கு வழங்கப்பட்டது, சுவைக்காக அன்று. கிளைகள் எளிதில் ஒடிந்தன. ஆகவே அதை விரும்பி வளர்த்தோர் சிலரே. பல்லாண்டுகள் அதன் விளைச்சல் பிற வகைகளோடு கலந்தே விற்கப்பட்டது.

உயரத்தின் பங்கு யாது? நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. குளிரில் கனி மெல்லப் பழுக்கிறது, கொட்டை இறுகுகிறது, புளிப்பும் நறுமணமும் துலங்குகின்றன. எனவே உயரம் என்பது வெப்பநிலையைக் குறிக்கும் ஓர் அடையாளமே. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் இதே குளிர்ச்சி குறைந்த உயரத்திலேயே கிடைத்துவிடும் என்பதை மறத்தலாகாது.

செடியும் இருந்தது, மலையும் இருந்தது. சுவை மட்டும் அறியப்படாதிருந்தது. எசுமரால்டா பண்ணையினர் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதி விளைச்சலையும் தனித்தனியே பிரித்துச் சுவைத்தபோதுதான் உயர்ந்த பகுதியின் கெய்ஷா வேறுபட்டு நின்றது. மல்லிகையையும் எலுமிச்சை இனப் பழங்களையும் ஒத்த மணம் அதற்குண்டு. (சிக்கரி கலந்த வடிகாப்பிக்குப் பழகிய நாவு இதைத் தேநீர் என்றே கொள்ளக்கூடும்.) 2004ஆம் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்று, ஏலத்தில் ஒரு பவுண்டு இருபது டாலருக்கு மேல் விலைபோயிற்று. மரபுவகையும் குளிரும் தந்ததை வெளிக்கொணர்ந்தது, கலவாமல் பிரித்துவைத்த உழைப்பே. மலைப்பெயரை மட்டும் போற்றும் விளம்பரங்கள் இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றன.

பெயரிலும் சிக்கல் உண்டு. எத்தியோப்பிய இடப்பெயரான 'கெஷா'வே எழுத்துத் திரிந்து 'கெய்ஷா' ஆயிற்று. சப்பானியச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. மரபணு அடிப்படையில் வேறான செடிகளும் இப்பெயரால் வழங்குவதால், சிப்பத்தில் அச்சிட்ட பெயர் பொக்கெத்தேச் செடியையே குறிக்கும் என்பதற்கு உறுதியில்லை.