ரயில் நின்றதும் என்ன சொல்வார்கள்?

இங்கிலாந்தில் தண்டவாளத்தில் ஓர் உயிர் போய் வண்டிகள் நின்றுவிட்டால், நிலையத்துப் பலகையில் 'ரயிலில் ஒருவர் அடிபட்டுவிட்டார்' என்ற அளவில்தான் அறிவிப்பு வரும். யார், எப்படி என்ற பேச்சே இருக்காது. மறைக்கிறார்களோ என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் ரயில்வேக்கே அது தெரியாது. தவறி விழுந்தாரா, தானாக வந்தாரா, யாராவது தள்ளிவிட்டார்களா என்பதை முதலில் ரயில்வே போலீஸ் பார்க்க வேண்டும். சாவுக்குக் காரணம் இன்னதென்று முடிவு சொல்பவர் மரண விசாரணை அதிகாரி. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டாருக்கே தகவல் போய்ச் சேராத நிலையில் ஒலிபெருக்கி முந்திக்கொள்வதும் முறையில்லை.

விவரம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரியாவின் வியன்னா மெட்ரோவில் 1980களில் தற்கொலைகள் கூடின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படத்தோடு பரபரப்பாக எழுதின. அங்குள்ள தற்கொலைத் தடுப்புச் சங்கம் 1987இல் பத்திரிகைகளுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. செய்திகள் அடங்கின. அந்த ஆண்டின் பிற்பாதியில் மெட்ரோ தற்கொலைகளும் முயற்சிகளும் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. விவரித்துச் சொல்வதே மனம் நொந்த இன்னொருவருக்கு வழிகாட்டிவிடும் என்பதற்கு இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதற்காகப் பொய் சொல்லலாமா? 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அறிவித்தால், ஜன்னல் வழியே ஆம்புலன்ஸைப் பார்த்த பயணி அடுத்த அறிவிப்பை நம்பமாட்டார். ஜெர்மனியில் 'தண்டவாளத்தில் அவசர மருத்துவர் பணி' என்கிறார்கள். பொய்யில்லைதான், ஆனாலும் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்போல என்று நினைக்க வைக்கும் இந்தப் பூச்சு எனக்கு உவப்பாக இல்லை. தினமும் அந்த வழியில் போகிறவர்களுக்கோ எப்படியும் புரிந்துவிடுகிறது.

ஜப்பானில் 'ஜின்ஷின் ஜிகோ', அதாவது ஆள் அடிபட்ட விபத்து, என்று சொல்லிவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். வண்டி மறுபடி ஓட எவ்வளவு நேரமாகும், கையிலிருக்கும் டிக்கெட்டோடு வேறு எந்த நிறுவனத்தின் ரயிலில் போகலாம் என்று தெரிவிக்கிறார்கள். அலுவலகத்திலோ பள்ளியிலோ காட்டத் தாமதச் சான்றிதழும் தருகிறார்கள். காத்துநிற்பவருக்கு வேண்டியது இதுதான். நடந்ததை ஒரு வரியில் உண்மையாகச் சொல்லிவிட்டு, மிச்ச அறிவிப்பைப் பயணியின் வழிக்குச் செலவிடும் இந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்படி அறிவிக்க வேண்டிய நிலையே வராமல் தடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். பிரிட்டன் ரயில்வே 2010 முதல் பல ஆண்டுகள் சமாரிடன்ஸ் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து, நடைமேடையில் தவித்து நிற்பவரிடம் பேச்சுக்கொடுக்க ஊழியர்களைப் பழக்கியது. பிறகு பயணிகளையும் அதையே செய்யச் சொன்னது. நீங்களும் அப்படி ஒருவரைப் பார்த்தால், "எங்க போகணும்?" என்று கேளுங்கள். இந்தியாவில் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.