குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?

2019-ல் அத்தி வரதருக்காகக் காஞ்சிபுரமே திணறியது. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீரை இறைத்து, அடியில் இருந்த அத்தி மர வரதர் சிலையை வெளியே எடுத்தார்கள். 48 நாள் வைபவம் முடிந்து, ஆகஸ்ட் 17-ல் வரதர் மறுபடி குளத்துக்குள் போனார். 40 ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குளத்துக்கு இப்படியொரு கவனிப்பு கிடைத்துவிடுகிறது. ஊரின் மற்றக் குளங்களுக்கு?

காஞ்சியின் நீர்நிலைகள் தனித்தனித் தொட்டிகள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியும். அந்தத் தண்ணீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். இப்படித் தாமல் பக்கத்து ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்டு வருவதுதான் வேகவதி ஆறு. ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. சீறி வந்த வேகவதியைத் தடுக்கப் பெருமாளே குறுக்கே படுத்தார் என்கிறது திருவெஃகா தலபுராணம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியத்தைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைய நிலைமைக்கு மஞ்சள் நீர் கால்வாயே சாட்சி.

ஊருக்குள் பெய்யும் மழையை நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டுபோகும் வடிகால் இது. அதில் இன்று வீட்டுக் கழிவும் சாயக் கழிவும் சேர்ந்தே ஓடுகின்றன. சாயப்பட்டறையில் கச்சாப் பட்டுச் சிட்டங்களைக் கழியில் கோத்து, சோப்பும் சோடாவும் கொதிக்கும் அண்டாவில் திருப்பித் திருப்பி முக்குவார்கள். நூலின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு பசை. அது கரைந்த பிறகே பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். அந்தப் பசைத் தண்ணீர் நீர்நிலையில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். சாக்கடையும் அதையேதான் செய்கிறது. நாட்டு மீன்கள் செத்து ஒதுங்க, ஜிலேபிக் கெண்டை தாக்குப்பிடிக்கும், ஆகாயத்தாமரை மேலே பாய் விரிக்கும், கொசுவுக்குக் கொண்டாட்டம்.

இத்தனைக்கும் நாம் குளத்துக்கு என்ன செய்கிறோம்? கரைக்குக் கல் பதிக்கிறோம், கம்பிவேலி போடுகிறோம், நடைபாதையும் விளக்கும் வைக்கிறோம். சர்வதீர்த்தமோ ரங்கசாமி குளமோ, எந்தக் குளமானாலும் முதலில் கேட்க வேண்டியது, வரத்துக் கால்வாய் எங்கே என்றுதான். அது வீட்டடியிலோ சாலையடியிலோ புதைந்திருந்தால் எத்தனை முறை தூர்வாரியும் பயனில்லை. மழையில் தெருவே ஆறாகும். கோடையில் குளம் வறண்டு, சுற்றுவட்டாரக் கிணறுகளும் கீழே போகும். 2015-லும் 2021-லும் வேகவதிக் கரையோரத்து மக்கள் வெள்ளத்தில் பட்ட பாட்டை ஊர் பார்த்தது.

கரையில் பல காலம் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. வேலைக்கும் பள்ளிக்கும் எட்டுகிற தூரத்தில் மாற்று வீடு கொடுத்துத்தான் அவர்களை நகர்த்த வேண்டும். அதற்காகக் கால்வாயைக் கைவிட முடியாது; அடுத்த வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அவர்கள் வீடுதான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் காஞ்சிவாசிகள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பகுதியின் புல வரைபடத்தை வாங்கி, அதில் கால்வாய் என்று குறித்திருக்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். அடைபட்டிருந்தால் படம் எடுத்து, வரைபடத்தோடு சேர்த்து மனுக் கொடுங்கள். தெருவுக்குப் பத்துப் பேர் கேட்டால் கால்வாய் திறக்கும்.