ஈத் தூண்டிலும் இறகு தேடலும்

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரில் இடுவது எங்கும் காணப்படும் வழக்கம். ஆயின், இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் ட்ரவுட் என்னும் ஆற்றுமீனைப் பிடிப்போரிற் பலர், இரை எதுவும் இல்லாத தூண்டிலையே வீசுவர். முள்ளின்மீது பட்டு நூலினாற் கட்டிய சிறிது உரோமமும், ஓர் இறகுமே அதில் இருக்கும். அதனைப் பூச்சியென மயங்கி மீன் கவ்வுகின்றது. இப்போலிப் பூச்சியை அவர்கள் ‘ஈ’ என்று அழைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்ட ஆங்கிலேயர், இக்கலையையும் உடன் கொணர்ந்தனர்.

கலை மிகப் பழையது. 1496 ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு ஈக்களை விவரிக்கின்றது. ஈக்களுள் இரு வகை உண்டு. நீரின் மேல் மிதப்பது உலர் ஈ. நீரில் மூழ்கிச் செல்வது ஈர ஈ. ஆற்றின் அடியில் வளர்ந்து, சிறகு விரிக்கும் பொருட்டு மேலெழும் பூச்சியையும், நீரில் அமிழ்ந்துபோன பூச்சியையும் ஈர ஈ ஒத்திருக்க வேண்டும். ஆதலால் அதற்குரிய இறகு நீரை ஏற்பதாயும், ஓட்டத்திலே உயிருள்ளதுபோல் அசைவதாயும் இருத்தல் அவசியம். சேவலின் விறைப்பான கழுத்திறகு உலர் ஈக்கு ஏற்றது. பேட்டின் கழுத்திறகும், காட்டுப் பறவைகளின் மென்மையான இறகுகளும் ஈர ஈக்கு ஏற்றவை.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோர்க்‌ஷயர் ஆறுகளுக்குரிய ஈக்களை பிரிட் என்பவர் 1885 இல் ஒரு நூலாகத் தொகுத்தார். அவ்வட்டாரத்து ஈக்கள் பலவற்றின் பெயரே அவற்றைச் செய்யும் முறையைக் கூறிவிடும். ‘கவுதாரியும் செம்மஞ்சளும்’ என்றால், செம்மஞ்சட் பட்டு நூலும் கவுதாரி இறகும் என்பது பொருள். ‘உள்ளானும் ஊதாவும்’ என்பதும் அத்தகையதே. மற்றோர் ஈக்கு மஞ்சள் நூலின்மீது மோல் என்னும் பிராணியின் உரோமத்தை மெல்லியதாக முறுக்கி, தாழைக்கோழியின் சிறகடி இறகைச் சுற்றுவர். மோல் என்பது நிலத்தடியில் வளை தோண்டி வாழும் சிறு பிராணி.

இப்பொருள்கள் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன? அவை அருகிலே கிடைத்தன என்பதே முதற் காரணம். கவுதாரியும் உள்ளானும் உணவுக்காக வேட்டையாடப்பட்டன. முயலின் இறைச்சி சமையலறைக்குச் சென்றபின், அதன் முகத்தோலும் காதும் ஈ கட்டுவோனுக்கு எஞ்சின. காதிலுள்ள குட்டையான முரட்டு மயிரையும் கன்னத்திலுள்ள மென்மயிரையும் கலந்து, மெழுகு பூசிய நூலில் முறுக்கினால் பூச்சியின் உடல் அமைந்துவிடும். வயலைக் கெடுக்கும் மோல்களைப் பிடிப்போர் அவற்றின் தோலைக் கொடுத்தனர். எறியப்படுவதிலிருந்து எடுக்கப்பட்டதே இக்கலையின் மூலப்பொருள்.

ஆயினும், இறகின்மீது கொண்ட ஆசை எப்போதும் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. டொட்டரல் என்னும் மலைப்பறவை மனிதரைக் கண்டு அஞ்சாத இயல்புடையது. அதன் வெளிர்பழுப்பு நுனியுள்ள சிற்றிறகை ஈ கட்டுவோர் பெரிதும் நாடினர். உணவுக்காகவும் இறகுக்காகவும் எளிதிற் சுடப்பட்ட அப்பறவை, பிரித்தானியாவில் அருகிப்போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகிலே, மெழுகுத்துளி போன்ற மின்னும் புள்ளிகள் உண்டு. அதற்காக அதன் தோல்கள் கடல்கடந்து சென்றன. 2009 இல் இங்கிலாந்தின் டிரிங் என்னும் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையிலிருந்து 299 பறவைத் தோல்கள் களவுபோயின. பகட்டான சால்மன் ஈக்களைக் கட்டுவோருக்கு அவற்றின் இறகுகளை விற்பதே திருடியவரின் நோக்கமாயிருந்தது. இடமும் நாளும் குறித்த சீட்டுகள் பல தோல்களிலிருந்து அகற்றப்பட்டமையால், மீட்கப்பட்டவையும் ஆராய்ச்சிப் பயனை இழந்தன.

சட்டங்களும் காலந்தோறும் இறுகி வந்துள்ளன. பிரித்தானியா 1921 இல் அயல்நாட்டு இறகு இறக்குமதியைத் தடுத்தது. 1954 இல் காட்டுப் பறவைகளுக்குப் பரந்த பாதுகாப்பளித்தது. இந்தியா 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பழைய ஈக்கள் சிலவற்றுக்கு உரோமம் தந்த நீரெலி 2008 முதல் இங்கிலாந்தில் முழுப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. அமெரிக்காவிலோ, பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகு வழியிலே விழுந்து கிடப்பினும் அதனை எடுத்து வைத்திருத்தல் குற்றமாகும்.

ஆகவே, இக்காலத்தில் இறகு தேடுவோன் முதலில் அதன் வரலாற்றை விசாரிக்க வேண்டும். உணவுக்காகச் சட்டப்படி வேட்டையாடப்பட்ட கவுதாரியின் தோல், இறைச்சிக் கடையில் ஒதுக்கப்பட்ட முயல் முகம், பண்ணைக் கோழியின் கழுத்து ஆகியவை நேர்வழியிற் கிடைப்பன. தனி இறகுகளிலும் முழுத்தோல் சிறந்தது. ஒரே கவுதாரித் தோலில் முதுகின் பழுப்பிறகும் கழுத்தின் சாம்பலிறகும் பல அளவுகளில் இருக்கும். ஓர் ஈக்கு ஓர் இறகே போதுமாகையால் அது நெடுங்காலம் உதவும். தோலின் உட்புறத்துக் கொழுப்பைச் சுரண்டி, வெண்காரம் தூவி உலர்த்த வேண்டும். புதிதாக வந்த தோலை இறுகக் கட்டிச் சில நாள் உறைகுளிரில் வைத்தால், அந்துப்பூச்சி மற்றவற்றுக்குப் பரவாது. கிடைக்கத் தகாத டொட்டரல் இறகுக்கு அதே சாயலுள்ள கோழியிறகும், நீரெலி உரோமத்துக்கு மோலின் உரோமமும் ஈடாகின்றன.

மாற்றுப் பொருளாற் கட்டிய ஈ பழைய நூலுக்குப் பொருந்தாது என வாதிடுவோர் உளர். ஆனால், பழைய நூலோர் தம் ஊர் வயலும் தோட்டமும் தந்ததையே கொண்டு கட்டினர். அவர்களுடைய பட்டியலை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவதற்காக அரிய பறவையைத் தேடுவோன், அவர்களுடைய வழியைவிட்டு விலகுகின்றான். ஓடும் நீரிலே மீன் காண்பது அசைவையும் நிறத்தையுமே. இறகு எப்பறவையினுடையது என்று அது கேட்பதில்லை. அதனைக் கேட்க வேண்டிய கடமை, தூண்டிலைக் கையிற் பிடித்தவனுடையது.