குதிரைகளை யார் எண்ணுவது?

1970-இல் அமெரிக்காவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு அதன் குதிரைத்திறனைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது: கம்பெனி அச்சடித்துக் கொடுத்த எண்ணை நம்புவது. அது பொய் எண் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஓட்டிக்கொண்டு போன காரின் எண்ணும் அல்ல. சோதனைக்கூட மேடையில் தனியாக நிறுத்திய எஞ்சினின் எண். ஏர் ஃபில்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் சுற்றாது, சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்த குழாய். இதை ‘கிராஸ்’ கணக்கு என்றார்கள். காரில் உள்ள உறுப்புகளை எல்லாம் மாட்டி அளக்கும் ‘நெட்’ கணக்குக்கு 1972 மாடல்களில் மாறினார்கள். செவ்ரலே கார்வெட்டில் வந்த சாதாரண 350 கன அங்குல எஞ்சின் 1971-இல் 270 குதிரைத்திறன். மறு வருடம் 200. எஞ்சின் கிட்டத்தட்ட அதேதான். எழுபது குதிரைகள் காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே செத்தன.

அந்தக் காலத்தில் காரை மாற்றியமைத்தவர் பாடு இன்னும் சிரமம். பெரிய ஹாலி கார்புரேட்டர் மாட்டி, கேம்ஷாஃப்டை மாற்றி, எக்ஸாஸ்டைத் திருத்தியபின் எத்தனை குதிரை கூடியது என்று சொல்லும் கருவி அவரிடம் இல்லை. எஞ்சினை இறக்கி மேடையில் ஏற்றிப் பார்ப்பது வசதியுள்ள ரேஸ் அணிகளுக்கே கட்டுப்படியாகும். அவர் டிராக் ஸ்ட்ரிப் எனும் நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்குப் போனார். கால் மைல் ஓடி முடிக்கும் இடத்தில் வேகத்தை அளந்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். மைல் கணக்கிலான அந்த வேகத்தை 234-ஆல் வகுத்து, வந்ததை மும்மடியாக்கி, காரின் எடையைப் பவுண்டில் பெருக்கினால் குதிரைத்திறன் ஓரளவுக்கு வந்துவிடும். 3,600 பவுண்டு எடையுள்ள கார் 100 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டினால் சுமார் 280. கச்சாக் கணக்குதான். ஆனால் கியர்பாக்ஸ் தின்றது, டயர் தின்றது, எதிர்காற்று தின்றது எல்லாம் போக மிஞ்சியதைத்தான் அது சொல்லும்.

ஓட்டம் முடிந்த கையோடு எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி அப்பியிருந்தால் அதிகம். நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, கிடைத்த ஓர் அடையாளத்திலிருந்து உள்ளே நடப்பதை ஊகிக்கும் வேலை அது. அந்த ஊகத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒற்றை எண்ணைப் பார்த்து மயங்க அவருக்கு வாய்ப்பே இல்லாததால், முழுக் காரையும் பார்த்தார்.

நிலைமையை மாற்றியது ஒரு கனமான இரும்பு உருளை. அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்களுக்கு ஜெட் தயாரித்துவந்த டைனோஜெட் நிறுவனம், வண்டியை அப்படியே ஏற்றிச் சக்தியை அளக்கும் ‘டைனோ’ கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. தத்துவம் எளிது. உருளையின் எடையும் அளவும் தெரியும். பின்சக்கரம் அதை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்க வைக்கிறதோ, அதைக் கொண்டு சக்தியைக் கணக்கிடலாம். எஞ்சினை இறக்க வேண்டாம். காரை உருளைமேல் ஏற்றிப் பட்டையால் கட்டி, நான்காவது கியரில் ஒரு முறை முழுக்க முடுக்கினால் போதும். 1990-களில் இது கார்க் கடைகளுக்கும் பரவியது. எண்ணும் வேலை கம்பெனியின் கையிலிருந்து நழுவத் தொடங்கியது அப்போதுதான்.

அதன் விளைவு 1999-இல் ஃபோர்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த வருட மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. முந்தைய வருடக் கார் 305. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தார்கள். டைனோ அச்சிட்ட தாளில் புதிய காரின் சக்திக் கோடு பழைய காரின் கோட்டைத் தாண்டவே இல்லை. ஒருவர் இருவர் சொன்னால் ஓட்டத் தெரியாதவர் என்று தள்ளிவிடலாம். ஊர் ஊராக ஒரே மாதிரித் தாள்கள் வந்தால் என்ன செய்வது? ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து இன்டேக் மேனிஃபோல்டு, பின்பக்க எக்ஸாஸ்ட், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2000-இல் வழக்கமான கோப்ரா வரவேயில்லை. 2001-இல் மாஸ்டாவுக்கும் இதே தலைவலி. எம்எக்ஸ்-5 காருக்கு 155 என்று சொல்லிவிட்டு 142 என்று இறங்கி வந்து, வேண்டாம் என்பவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

வாங்குபவன் ஜெயித்த கதைதான். ஆனால் அந்த வெற்றியோடு ஒரு கெட்ட பழக்கமும் தொற்றிக்கொண்டது: தாளில் உள்ள பெரிய எண்ணை மட்டும் படிப்பது.

இன்று காரை மாற்றியமைத்துத் தரும் ட்யூனர் நீட்டும் டைனோ தாளில் முதலில் தேட வேண்டியது உச்ச எண்ணை அல்ல. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் திருத்தக் குறிப்பை. காற்று சூடாகவோ அடர்த்தி குறைந்தோ இருந்தால் எஞ்சின் சக்தி குறையும். அதை ஈடுகட்ட ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கிறார்கள். எஸ்ஏஇ முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொள்கிறது. பழைய எஸ்டிடி முறை அதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றை. அதே காரை, அதே ஓட்டத்தை எஸ்டிடியில் அச்சிட்டால் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடுதலாக வரும். 400 குதிரைக்கு 16 குதிரை, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல்! எந்தக் கடை எதில் அச்சிடுகிறது என்பதை வைத்தே அந்தக் கடையை எடை போடலாம் என்பது என் கட்சி.

டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இந்தத் திருத்தம் அளந்த எண்ணோடு ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். டர்போ உள்ள காரிலோ, மெல்லிய காற்றில் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அழுத்தத்தைப் பெருமளவு தானே ஈடுகட்டிக்கொள்கிறது. அதற்கும் அதே திருத்தத்தைப் போட்டால், இழக்காத குதிரைகளுக்கு நஷ்டஈடு கொடுத்த மாதிரி ஆகும்.

அடுத்தது சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இடைவெளி. டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தியை. கம்பெனி சொல்வது எஞ்சின் சக்தியை. நடுவில் 15 சதவீதம் போகும் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. 320 குதிரை எஞ்சினை மாற்றியமைத்து 640 ஆக்கினால், அதே கியர்பாக்ஸ் அதே வேகத்தில் சரியாக இரண்டு மடங்கு தின்றுவிடுமா என்ன? இழப்பில் ஒரு பகுதி சுமையோடு கூடும். இன்னொரு பகுதி வேகத்தைப் பொறுத்தது. சக்கர எண்ணைச் சக்கர எண்ணாகவே வைத்துக்கொள்வதுதான் நல்லது. டைனோவுக்கு டைனோ கூட வேறுபடும். பிரேக் போலச் சுமை கொடுத்து அளக்கும் மஸ்டாங் டைனோ (ஃபோர்டு காருக்கும் இதற்கும் உறவில்லை) வழக்கமாக டைனோஜெட்டைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் அதற்கு இதயத்தை உடைக்கும் இயந்திரம் என்று செல்லப்பெயர். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே டயர் அழுத்தத்தில் எடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் நம்பத் தகுந்தது.

தாள் ஒழுங்கானதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: குதிரைத்திறனும் பவுண்டு-அடியில் டார்க்கும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால், இரண்டு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டியே தீர வேண்டும். வெட்டாவிட்டால் ஆர்பிஎம் தவறாகப் பதிவாகியிருக்கிறது, அல்லது யாரோ தாளில் கைவைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கீழே தனியாக ஓடும் மூன்றாவது கோடு: காற்று-எரிபொருள் விகிதம். சூப்பர்சார்ஜரோடு வந்த 2003 கோப்ராவை எடுத்துக்கொள்வோம். அதற்கு 390 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. சூப்பர்சார்ஜர் புல்லியைச் சிறியதாக மாற்றினால் அது வேகமாகச் சுற்றி அதிகக் காற்றைத் திணிக்கும். செலவு குறைந்த, பிரபலமான மாற்றம். உச்ச எண் ஏறிவிடும், உரிமையாளர் பூரித்துப்போவார். ஆனால் விகிதக் கோடு 11.8-இல் நேராக ஓடிவந்து, 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் 13-ஐ நோக்கி மெல்ல ஏறுகிறது என்று வையுங்கள். காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் கொடுக்க பம்பாலோ இன்ஜெக்டராலோ முடியவில்லை என்று அர்த்தம். சக்திக் கோடு அந்த இடத்திலும் அழகாகவே ஏறிக்கொண்டிருக்கும். பிஸ்டன் உருகப்போவதை அது சொல்லாது. டிராக் ஸ்ட்ரிப்பில் பிளக்கைக் கழற்றியவருக்கு ஓட்டம் முடிந்த பிறகே, அதுவும் மொத்தமாகத்தான், தெரிந்த செய்தி இது. இன்று எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது என்பதுவரை தெரிகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் மிகப் பெரியதாக நான் நினைப்பது இதைத்தான்.

புதிய கார்கள் வேறு வகைச் சிக்கலைக் கொண்டுவருகின்றன. 2018 முதல் மஸ்டாங்கில் 10 கியர் ஆட்டோமேட்டிக் கிடைக்கிறது. டைனோவில் வழக்கமாக அளக்கும் நேர்விகிதம் (1:1) அதில் ஏழாவது கியர். அந்தக் கியரில் எஞ்சினை உச்சம்வரை முடுக்கினால் உருளையின் மேல் வேகம் 250 கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே பலர் கீழ் கியரில் அளக்கிறார்கள். எண்ணும் அதற்கேற்ப நகரும். நின்ற இடத்தில் மின்விசிறிக் காற்றில் ஓடும் கார் சூடேறுகிறது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் கூடியதும் கம்ப்யூட்டர் தானாகவே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவது ஓட்டத்துக்கும் வித்தியாசம் வருவது அதனால்தான். கடைக்காரர் அச்சிட்டுத் தருவது பெரும்பாலும் முதலாவதை. போதாக்குறைக்கு, கோட்டை வழவழப்பாக்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அதை அதிகம் கூட்டினால், இக்னிஷன் தடுமாறும் இடத்தில் தெரிய வேண்டிய பள்ளம் மறைந்துபோகும்.

பணம் கொடுக்கும்போது தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எல்லா ஓட்டங்களின் மூலக் கோப்பையும், அந்த நேரத்தில் காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த லாகையும் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பு கையில் இருந்தால், டைனோ நிறுவனத்தின் மென்பொருளில் திருத்த முறையையும் வழவழப்பையும் நீங்களே மாற்றி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.