அம்மாவின் ஜெமினி கணேசன்

விழுப்புரத்தில் பழைய சினிமாப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் பெயர் சிவாஜி கணேசன். 1928 அக்டோபர் 1 அன்று அவர் பிறந்தது இந்த ஊர்தான். எங்க அப்பாவும் சிவாஜி ரசிகர். ஆனால் திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த அம்மாவுக்குப் பிடித்தது இன்னொரு கணேசன். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்ததால் பெயரோடு ஜெமினி ஒட்டிக்கொண்டவர். அம்மாவுக்குப் பிடித்த படம் 'கல்யாணப் பரிசு'.

வீட்டில் இது ரொம்ப நாளாக ஒரு கேலி. டிவியில் ஜெமினி வந்தால், "உன் ஆளு வந்துட்டாரு" என்று அப்பா குரல் கொடுப்பார். அம்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். இந்தக் கேலியைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய வழி இருக்கு. மன்றம், கொடி, சுவரொட்டி, முதல் நாள் கூட்டம் எல்லாமே தடயங்கள். எம்.ஜி.ஆர். பிம்பத்தை வைத்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். மதுரையில் ஆய்வு செய்த சாரா டிக்கியின் நூல் 1993இல் வந்தது. அவர் பார்த்த மன்றங்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள். அப்போ பெண்களுக்கு யாரையும் பிடிக்கலையா? பிடித்தது. ஆனால் அதற்கு ஒரு பலகையோ ரசீதுப் புத்தகமோ கிடையாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்டேன். "இன்னாத்துக்குடா இப்போ இதெல்லாம்?" என்றார். அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

படம் வெளியானது 1959இல். அம்மா பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு டென்ட் கொட்டாயில். அப்போ இதெல்லாம் தென் ஆற்காடு மாவட்டம். புதுப்படம் நகரத்துத் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் கொட்டாய்க்கு வரும். பெண்கள் பக்கம் தனித் தடுப்பு, தரை டிக்கெட், உட்கார மணல் மேடு. தனியாகப் போக முடியாது. பெரியம்மா கூடப் போனார். படம் பார்த்தது ஒரு தடவை என்றால் பாட்டுக் கேட்டது நூறு தடவை. இலங்கை வானொலி இருந்ததே! ஏ.எம். ராஜா அந்தப் படத்துக்கு இசையமைத்து, ஜெமினிக்குப் பாடவும் செய்தார். பல பெண்களுக்கு ஜெமினி முகமாக வந்ததைவிடக் குரலாக வந்ததே அதிகம்.

ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியைப் படிக்க வைத்து ஆளாக்கிய அக்கா கீதாவும், விஷயம் தெரியாமல் பாஸ்கரை விரும்புகிறாள். அக்காவுக்காக வசந்தி விலகி, அவனையே அவளுக்குக் கட்டிவைக்கிறாள். யாரும் நிம்மதியாக இல்லை. கீதா இறந்துபோக, கடைசியில் வசந்தியின் கல்யாணத்துக்கு வரும் பாஸ்கர் தன் குழந்தையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

கவனித்தால், இதில் கதாநாயகன் யாரையும் ஜெயிப்பதில்லை. காய்ச்சலில் படுக்கிறான், அழுகிறான், தோற்கிறான். முடிவெடுப்பவர்கள் பெண்கள். வாளும் வசனமும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பெண் சொல்வதைக் கேட்டு நிற்கிற ஆம்பளையைத் திரையில் பார்ப்பது அபூர்வம். ஜெமினியைப் பெண்களுக்குப் பிடித்ததற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இல்லடா. ஆளு அழகா இருந்தாரு" என்றார். சரி, அதையும் காரணப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். எம்.ஜி.ஆரின் ரசிகர்கள் பலர் பாத்திரத்தையும் மனிதரையும் ஒன்றாகப் பார்த்தார்கள். அவருடைய அரசியலுக்கே அதுதான் பலம். அம்மா அப்படி இல்லை. 2018இல் வந்த 'நடிகையர் திலகம்' படத்தைப் பார்த்துவிட்டு, "சாவித்திரி விஷயத்துல அவர் மேல எனக்கு வருத்தம்தான். பாஸ்கர் மேல இல்ல" என்றார். ரசிகை என்றால் மயங்கிக் கிடப்பவள் என்ற நம்ம நினைப்பு இங்கே அடிபடுகிறது.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, டீச்சர் டிரெயினிங் சேரணும் என்று இருந்தார். அதே வருஷம் பெரியம்மாவுக்கு வரன் அமைந்தது. இருந்த பணம் கல்யாணத்துக்குப் போனது. "நானேதான் வேணாம்னேன். யாரும் கட்டாயப்படுத்தல" என்றார். எண்பதுகளில், விழுப்புரத்தில் பக்கத்து வீட்டு டிவியில் மறுபடியும் 'கல்யாணப் பரிசு' பார்த்திருக்கிறார்.

"கொட்டாயில பாத்தப்போ ஜெமினியப் பாத்தேன். டிவில பாத்தப்போ சரோஜாதேவியப் பாத்தேன்."

சரோஜாதேவிதான் வசந்தி. அக்காவுக்காக விட்டுக்கொடுத்த தங்கச்சி. இத்தனை வருஷமாக "உன் ஆளு" என்று நாங்கள் கேலி செய்த படத்துக்குள் அம்மா தன் கதையையும் வைத்திருந்தார். அதனால் ஜெமினி மேல் ஆசை இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருந்திருக்கிறது.

உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் பிடித்த நடிகர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கொட்டாய், யார் கூடப் போனீங்க, யார் காசு கொடுத்தது, மறுபடி எப்போ பார்த்தீங்க என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நான் இப்போது பெரியம்மாவிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். அவருக்கு எம்.ஜி.ஆர். தானாம்.