நாட்டுக்கோழி சோம்பேறியா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா ஞாபகம் வரும். பக்கத்து ஊர் ராஜபாளையம் என்றதும் நாய் ஞாபகம் வரும். ஆனால், இந்த ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டு நிற்கும் ஒருவரை யாரும் கண்டுகொள்வதே இல்லை. அவர்தான் நாட்டுக்கோழி!

நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளைக் கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். பாட்டி வீட்டுக் கோழியோ 50, 60 முட்டைதான். அப்படியானால் நம்ம கோழி சோம்பேறியா? அவசரப்படாதீர்கள். அதன் டைம்டேபிளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் 12, 15 முட்டை இடும். அதற்கே இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும். பிறகு அடை. 21 நாள் முட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தினமும் கொஞ்ச நேரம் மட்டும் எழுந்துபோய் இரை பொறுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்துவிடும். முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி வைக்கும். நீங்கள் கையை நீட்டினால் ஒரே கொத்துதான்! குஞ்சு பொரித்த பிறகு, இரண்டு மூன்று மாதம் அவற்றோடு அலைச்சல். இந்த நாட்களில் எல்லாம் முட்டை கிடையாது. வருடத்தில் மூன்று, நான்கு முறை இப்படி நடந்தாலே பெரிய விஷயம்.

பண்ணைக் கோழிக்கு இந்த வேலை எதுவும் இல்லை. அடை காக்கும் குணமே இல்லாதபடி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. அதற்குக் குஞ்சு வேண்டும் என்றால் இன்குபேட்டர்தான்!

இன்னொரு அதிசயம் தெரியுமா? முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வார வித்தியாசம் இருக்கும். ஆனாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வரும். அடைச்சூடு கிடைக்கும் வரை உள்ளே இருக்கும் கரு தூங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இங்கேதான் நம்ம ஊர் வெயில் வில்லனாகிறது. கோடையில் வீட்டுக்குள்ளும் வெக்கை அல்லவா? அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக விழித்து, வளர முடியாமல் செத்துப்போகும். அதை அடை வைத்தால் கூமுட்டைதான். அதனால்தான் ஈர மணல் பரப்பிய மண்சட்டியில் முட்டைகளைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்கிறார்கள். அடை வைத்த ஏழாம் நாள் இரவு, முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது!

இந்த அடை காக்கும் குணம் காட்டிலிருந்து வந்தது. கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால், பல கோழிகளின் மஞ்சள் கால் மட்டும் வேறு இடத்துச் சொத்து! தென்னிந்தியாவில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து அந்த மரபணு வந்தது என்று 2008-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தலைமையிலான குழு கண்டுபிடித்தது. ஊருக்கு மேற்கே மலை தெரிகிறதே, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு, அங்கே இன்றும் அது கூவிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கோழியின் கால் என்ன நிறம்?

சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு தடவைக்கு 10 குஞ்சு என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவையில் 30. பருந்து, காகம், கீரி, பூனை என்று வரிசையில் நிற்பவர்கள் பாதியைத் தூக்கிவிட்டால் மிச்சம் 15. எனவே, கோழி இன்னும் பத்து முட்டை இடவில்லையே என்று ஏங்குவதைவிட, பொரித்த குஞ்சைக் காப்பாற்றுவதுதான் லாபம். முதல் சில வாரம் குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வைப்பது இதற்குத்தான். வெளியே விடும்போது யாராவது ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத்தான் வரும்!

பருந்தைவிடப் பயங்கரமான எதிரி வெள்ளைக்கழிச்சல் நோய். புத்தகத்தில் ராணிக்கெட் நோய் என்று படிப்பீர்கள். ராணிக்கெட் என்பது உத்தரகாண்டில் உள்ள ஒரு மலை ஊர். இந்தியாவில் 1920-களின் கடைசியில் இந்த நோய் அங்கே கண்டறியப்பட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒரே வாரத்தில் தெருவில் உள்ள கோழிகள் எல்லாம் காலியாகிவிடும். வந்த பிறகு மருந்து இல்லை. வராமல் தடுக்க மட்டும் மருந்து உண்டு. சாதாரணத் தடுப்பு மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலில் நாலு கோழிக்காக யார் ஐஸ் பெட்டி தூக்குவது?

இதற்கும் ஒரு வழி வந்துவிட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கோழி கொத்தித் தின்னும் குருணையாகவே இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரித்திருக்கிறது. ராஜபாளையத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோழி வளர்ப்பு பற்றி அப்பா, அம்மா அங்கே விசாரிக்கலாம். குருணை என்பதால் ஊசி இல்லை. ஊசி போடக் கோழியைத் துரத்திப் பிடிக்க உங்களை அனுப்புவார்களே, அந்த ஓட்டமும் இல்லை!