பால் கலந்ததா, இல்லையா?

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ள வீட்டில்தான் தெரியும், வெளியில் சாப்பிடப் போவது எத்தனை கஷ்டம் என்று. என் மகனுக்கு இப்போது பத்து வயது. ஒரு ஸ்பூன் தயிர் போதும், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிடும். டாக்டர் இதைப் பால் அலர்ஜி என்றார். ஆனால் ஓட்டலில் கேட்டால் கிடைக்கிற பதில், "கொஞ்சம் நெய்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்பதுதான்.

தாம்பரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், "தேங்காய்ப்பால் பாயசம்தான்" என்று சொல்லி ஊற்றிவிட்டுப் போனார். அதில் பசும்பாலும் கலந்திருக்கிறது. அன்று ராத்திரி குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் விடிந்தது. அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவனுக்கு மட்டும் டிபன் பாக்ஸ். மற்ற பிள்ளைகள் இலையில் சாப்பிட, இவன் மூலையில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது என் மனசு என்ன பாடுபடும்!

2023 மே மாத விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். நியூயார்க்கில் லெக்ஸிங்டன் அவென்யூ என்ற தெருவில் நம் நாட்டு ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த இடத்துக்கே 'கறி ஹில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே ஒரு சைவ ஓட்டலுக்கு அண்ணன் கூட்டிப்போனார். மேஜைக்கு வெள்ளை விரிப்பு, துணி நாப்கின், கண்ணாடி டம்ளர். ஒரு தோசை விலையில் நம் மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறியே வாங்கிவிடலாம்!

வழக்கம்போல் நான் பையில் டப்பாவோடுதான் போயிருந்தேன். பரிமாற வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, எதுல பால் இருக்கு, எதுல இல்லன்னு இங்க தனித்தனியா தெரிஞ்சு வச்சிருக்கோம். அவியல்ல தயிர் இருக்கு, பொங்கல்ல நெய் இருக்கு, ரெண்டும் வேணாம். தோசையை எண்ணெயில தனிக் கல்லுல போடச் சொல்றேன்" என்றார். நான் கேட்காமலே தனிக் கல் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இவ்வளவு கவனம் எதனால் என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஒரு சான்றிதழைக் காட்டினார். அது யூதர்களின் 'கோஷர்' சான்றிதழ். அந்தத் தெருவில் 'மெட்ராஸ் மஹால்' போன்ற நம் சைவ ஓட்டல்கள் முன்பே இந்தச் சான்றிதழ் வாங்கி நடந்தவையாம்.

யூதர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட மாட்டார்கள். ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் வேகவைக்கக் கூடாது என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறதாம். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். புரட்டாசி வந்தால் நாம் மீன் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுவோமே, அவர்களுக்கு வருஷம் பூராவும் அப்படித்தான். கறி சாப்பிட்டால் சில மணி நேரம் கழித்துத்தான் பால் சேர்ப்பார்கள். ஆகவே, ஒரு பண்டத்தில் பால் இருக்கிறதா என்று அவர்களுக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டும். கீரை, காலிஃபிளவரில் பூச்சி இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். பாலாடைக் கட்டியைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்து உறைய வைப்பதும் உண்டு என்பதால் அதையும் பார்க்க வேண்டும். சைவ ஓட்டலானால் கறி என்ற பேச்சே இல்லை, பாதிக் கவலை தீர்ந்தது!

அண்ணி இன்னொன்று சொன்னார். பால், முட்டை, தேன்கூட வேண்டாம் என்பவர்களை 'வீகன்' என்கிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் உண்டாக்கிய வார்த்தை அது. அவர்களும் இந்த மாதிரி ஓட்டலைத் தேடி வருகிறார்களாம். நம் கொச்சியிலும் யூதர்கள் இருந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய அவர்களுடைய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. கறிக்குழம்பில் பால், தயிர் சேர்க்க முடியாதே, தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்தார்கள். நம் தேங்காய்க்கு அங்கேயும் மரியாதை!

அன்று என் மகன் எல்லோருடனும் சேர்ந்து ஒரே மேஜையில் தோசையும் உளுந்து வடையும் சாப்பிட்டான். "அம்மா, இன்னைக்கு டப்பா வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். டப்பா கடைசிவரை பைக்குள்ளேயே இருந்தது.

பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்றுதான் அர்த்தம், பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. 2021-ல் நம் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனி முத்திரை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் மேலே ஓர் இலையும் இருக்கும். வெளிநாட்டு பிஸ்கட், சாக்லேட் உறையில் வட்டத்துக்குள் 'யு' எழுத்தும் பக்கத்தில் 'டி' எழுத்தும் இருந்தால், பால் சம்பந்தப்பட்டது என்று பொருள். 'டி' இல்லை என்பதற்காக அலர்ஜி பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். ஒரே மெஷினில் செய்யும்போது துளி ஒட்டியிருக்கலாம். உறையின் பின்னால் உள்ள பட்டியலைப் படிப்பதும், டாக்டர் சொன்னபடி நடப்பதும்தான் பாதுகாப்பு.

பிரெட், பிஸ்கட்டில் பால் பவுடர், மைசூர் போண்டாவில் தயிர், சில ஓட்டல் குருமாவிலும் தயிர் என்று பால் ஒளிந்திருக்கும். "பால் இருக்கா?" என்று மட்டும் கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் வரும். நெய், வெண்ணெய், தயிர், மோர், பால் பவுடர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஓட்டல்காரர்களுக்கும் சமையல் காண்டிராக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளை விரிப்பும் கண்ணாடி டம்ளரும் நாங்கள் கேட்கவில்லை. பந்தி ஹாலில் எதில் பால், நெய் சேர்ந்திருக்கிறது என்று ஒரு போர்டில் சாக்பீஸால் எழுதி வைத்தால் போதும்.

எங்கள் குடியிருப்பில் நடந்த வளைகாப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சீட்டு. செலவு பத்து ரூபாய்கூட ஆகவில்லை. "என் பொண்ணுக்கும் பால் ஆகாது, கேட்கக் கூச்சமா இருந்துச்சு" என்று இரண்டு தாய்மார்கள் வந்து சொன்னார்கள். உங்கள் வீட்டு விசேஷத்திலும் இப்படி எழுதி வையுங்களேன் தோழிகளே!

– ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்